வாத்தியார் மாட்டிய பல்பு

பின்னால் ஒரு டிரெய்லர் இருக்கிறது என்பதை வண்டிக்குப் புரியவைக்காமல் பல் தேய்ப்பதில்லை என்று வாத்தியார் காலை ஆறு மணிக்குச் சபதம் போட்டார். சபதம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நிறைவேற்றுகிற சில்லறை வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிடுவார்.

அவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு மின்சாரம் நடத்துகிறார். அந்தப் பாடத்தால் இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் ஷாக் அடித்ததில்லை. அவர் மனைவி வீட்டை ஒட்டிய காலி மனையில் செடி நர்சரி வைத்திருக்கிறாள். செடி விற்று அவள் வாங்கியதுதான் அந்த பிக்கப் வண்டியும், அதன் கொக்கியில் மாட்டி இழுக்கிற டிரெய்லரும். சாவி மட்டும் வாத்தியார் சட்டைப்பையில். அவள் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியும், "டிரெய்லரோட ஓட்டுறதுக்கு இயற்பியல் தெரியணும்" என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்திருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம், டிரெய்லரின் பின்விளக்குகளில் இருந்த நாலு பழைய குண்டு பல்புகளையும் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. பல்புகளை மாட்டினார். பழையது கரண்ட்டைக் குடம் குடமாகக் குடிக்கும், புதியது சொட்டு சொட்டாக நக்கும் என்று பிரசங்கம் வேறு. மனைவியும் நாற்பது குரோட்டன்ஸ் தொட்டிகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் பழைய பல்புகளைக் குப்பைக்கூடையில் வீசி எறிந்தார்.

அந்த நாற்பது தொட்டிகளும் இன்று ஒன்பது மணிக்குள் ஒரு புது ஓட்டலுக்குப் போய்ச் சேர வேண்டும். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். தொட்டிகளை ஏற்றி, டிரெய்லரின் ஒயரை வண்டியில் சொருகி, சாவியைத் திருப்பினால், வழக்கமாக ஸ்டியரிங்குக்கு எதிரே உள்ள திரையில் வரும் குட்டி டிரெய்லர் படத்தைக் காணோம். பின்விளக்கும் எரியவில்லை. விளக்கில்லாமல் ரோட்டில் இறங்க முடியாது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? நேத்து எதை மாத்தினீங்க?" என்றாள் மனைவி.

"பல்பைச் சொல்றியா? அதை பேட்டரியில வச்சுப் பார்த்துட்டேன். பளிச்னு எரியுது. பல்பு மேல பழி போடாதே."

"நான் யார் மேலயும் போடலை. அண்ணனைக் கூப்பிடவா?"

அண்ணன் என்றால் அவளுடைய அண்ணன். மெக்கானிக். இந்த வீட்டில் எது நின்றுபோனாலும் ஒரு ஸ்பானரோடு வந்து, இரண்டே நிமிடத்தில் சரிசெய்து, போகும்போது, "என்ன மாப்ளே, இது கூடவா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர். அந்தக் 'கூடவா'வைத்தான் வாத்தியாரால் தாங்க முடியாது.

"உங்க அண்ணன் வந்தா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்!"

"எங்க போவீங்க? சரி, வேண்டாம். ஒரு பந்தயம். ஏழு மணி வரைக்கும் உங்களுக்கு டைம். நான் யாரையும் கூப்பிட மாட்டேன். வண்டிக்கு டிரெய்லர் தெரிஞ்சுதுன்னா, ஆயுசுக்கும் நீங்களே ஓட்டுங்க. தெரியலைன்னா சாவி எனக்கு."

"ஆயுசுக்கும்?"

"ஆயுசுக்கும்."

வாத்தியார் உடனே ஒப்புக்கொண்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாக இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருக்கும்.

முதலில் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். ஊதிச் சொருகினார். பல் தேய்ப்பதில்லை என்று சபதம் போட்ட புண்ணியத்தில் சும்மா கிடந்த பிரஷ்ஷால் பிளக்கின் பித்தளை முனைகளைத் தேய்த்தார். பிரேக்கை நாற்பது தடவை மிதித்தார். வண்டியோடு வந்த புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டி, குழந்தை சீட் மாட்டுவது எப்படி என்பதை முழுதாகப் படித்தார். குழந்தை காலேஜில் படிக்கிறது.

"கொஞ்சம் ரிவர்ஸ் போய்க் குலுக்கினா கனெக்ஷன் விழும்" என்றார்.

"வேண்டாங்க, அது..."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

ரிவர்ஸ் போட்டார். டிரெய்லர் இருப்பதே தெரியாத வண்டி, யாரோ தனக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறான் என்று வீல் வீலென்று கத்தி, தானே பிரேக் போட்டுக்கொண்டது. வாத்தியாரின் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. ஹாரன் அடித்தது. டிரெய்லரில் இரண்டு தொட்டிகள் சாய்ந்தன.

"இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் அவள், தொட்டிகளை நிமிர்த்திக்கொண்டே. "மணி ஏழு."

சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு ஏளனப் புன்னகையையும் சேர்த்துக் கொடுத்தார். "வச்சுக்கோ. சாவி இருந்தா ஆச்சா? நான் இல்லாம வண்டி நகருமா?"

அவள் இடுப்பில் முடிந்திருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளே நாலு குண்டு பல்பு. குப்பைக்கூடைக்குப் போனவை. விளக்கு மூடிகளைத் திருகி எல்.ஈ.டி.யை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்; பழையதை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். திரையில் குட்டி டிரெய்லர் வந்து உட்கார்ந்தது.

வாத்தியார் திரையையும் தன் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படி?"

"பல்பு இழுக்கிற கரண்ட்டை வச்சுத்தான் பின்னாடி டிரெய்லர் இருக்குன்னே வண்டிக்குத் தெரியுமாம். உங்க எல்.ஈ.டி. நக்குறது அதுக்கு உறைக்கவே இல்லை. அதனால ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சு கரண்ட்டை நிறுத்திடுச்சு."

"இது... இது என் பாடத்துலயே இருக்கு! யார் சொன்னா உனக்கு?"

"அண்ணன்."

"கூப்பிட மாட்டேன்னு சொன்னியே!"

"இன்னிக்கு எங்க கூப்பிட்டேன்? நீங்க பல்பைக் கூடையில போட்ட உடனே நேத்தே கேட்டுட்டேன்."

வாத்தியார் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். அங்கே ஒரு பெரிய பெரணிச் செடித் தொட்டி, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது எப்ப ஏறுச்சு?"

"ஆறு மணிக்கு. இருங்க, நீங்க இல்லாம ஆகாத வேலை ஒண்ணு இருக்கு. பின்னாடி நின்னு லைட் எரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

நீங்க இல்லாம ஆகாத வேலை! வாத்தியாரின் முதுகு நிமிர்ந்தது. கையில் நாலு எல்.ஈ.டி. பல்புகளோடு டிரெய்லருக்குப் பின்னால் போய், பரீட்சை ஹாலில் நிற்பதுபோல நின்றார்.

"பிரேக்!" என்றாள் உள்ளேயிருந்து.

"எரியுது!"

"வலது?"

"எரியுது! நல்லா எரியுது!"

வண்டி நகர்ந்தது. சோதனைக்காகத்தான் நகர்கிறது என்று அவர் நினைத்தார். கேட்டைத் தாண்டியது. தெருவில் ஏறியது. நாற்பது குரோட்டன்ஸும் ஒன்றாகத் தலையாட்டிக்கொண்டு போயின. தெருமுனையில் வண்டி வேகம் குறைந்து, இடப்பக்க விளக்கு சிமிட்டியது.

"இடது எரியுது!" என்று கத்தினார் வாத்தியார்.