ஏஞ்சல் மீன்களை ஞாயிறன்று எடுத்துப்போவது சம்பந்தமாக

மரியாதைக்குரிய மாமா வீராசாமி அவர்களுக்கு,

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து உங்கள் மருமகன் சந்தோஷ்குமார் வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுத வந்து நிறுத்திவிட்டேன். யாவரும் என்று சொல்ல, வந்திருக்கும் பெரியம்மாவை விட்டால், நானும் உங்கள் மகள் சுகாசினி வளர்த்த மீன்களும்தான். மீன்கள் நலமில்லை, என்னைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. திருப்புட்குழியில் தாங்களும் அத்தையும் சௌக்கியமா என்று போனில் கேட்கலாம். கேட்டால் அத்தை அழுகிறார்கள், நான் ‘ம்’ ‘ம்’ என்கிறேன், சிக்னல் இல்லை என்று நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவந்து ஏஞ்சல் மீன்களைத் தொட்டியோடு எடுத்துப்போய்க் கடையில் கொடுத்துவிடலாம், “அதுங்கள பாக்கப் பாக்க உனக்கு அவ ஞாபகம்தான்பா வரும்” என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. கம்பெனியில் நான் குவாலிட்டி செக்‌ஷன். ஒரு போல்ட் பிசகினால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் மூலகாரணத்தைப் பிடிப்பது என் வேலை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காமல் போனதற்கு இன்னும் முதல் ‘ஏன்’னிலேயே நிற்கிறேன். தீனி போடுவேன், தண்ணீர் மாற்றுவேன், ஷிப்டுக்குப் போவேன். எங்கள் பெரியம்மா லோகாம்பாள் எனக்குச் சமைத்துப்போட முசரவாக்கத்திலிருந்து வந்து இறங்கும்வரை எல்லாம் அப்படியே ஓடியது.

பெரியம்மா கழுத்தில் ஒரு மரு. கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதாக வேண்டுதல், ஆனால் முட்டிவலியில் படி இறங்க முடியாது. நம் கூடத்திலேயே மீனோடு ஒரு குளம் இருப்பதைப் பார்த்துவிட்டார்கள். நான் ஷிப்ட் முடித்து வந்து கதவைத் திறந்தால் தொட்டி முழுக்கப் பானகம் மாதிரி கலங்கி, மேலே பொரி மிதந்து, அத்தனை மீனும் வாயை வெளியே நீட்டி மூச்சுக்குத் தவிக்கிறது. கையிலிருந்த டிபன் கேரியர் கீழே விழுந்ததே எனக்குத் தெரியவில்லை.

“என்ன பெரிம்மா போட்ட?”

“பொரி போட்டேன்டா. அவளுக்குப் புண்ணியமா போவட்டும்னு. அப்பறம் மருவுக்கு வெல்லம்.”

“எவ்ளோ?”

“ஒரே உருண்டைதான்பா.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெரிய உருண்டை.”

கீழ்வீட்டு சிட்டிபாபு அண்ணன் தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் வீட்டு போர் தண்ணியை சோறு வடிக்கிற அண்டாவில் பிடித்து, மீன்களை வலையால் அள்ளி அள்ளி அதில் விட்டோம். பெரியம்மா எட்டிப் பார்த்து, “சாவறதுக்குள்ள கொழம்பு வெச்சிரலாம்னு பாக்கிறியா? புளி ஊற வெக்கட்டா?” என்றார்கள். சிட்டிபாபு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, “யம்மா, நீ கொஞ்சம் உள்ள போம்மா, உனக்குப் புண்ணியமா போவும்!” என்றார்.

பிழைத்துவிட்டன மாமா. தொட்டியைக் கழுவித் திரும்ப விட்டோம். புதுத் தண்ணி பட்டதாலோ என்னவோ, மறுநாளே ஒரு ஜோடி பில்டர் குழாயில் வரிசையாக முட்டை வைத்தது. சுகாசினி போன பிறகு முதல் தடவை. பெரியம்மாவை அந்தப் பக்கமே போகாதே என்று மிரட்டிவிட்டு வேலைக்குப் போனேன். சாயந்திரம் வந்து பாத்தா குழாய் மொட்டையா நிக்குது. கடைசி ஒரு முட்டைய அந்த ஆம்பள மீனு என் கண்ணெதிர்லயே வாயில போட்டுக்கிச்சு. “பாவி, பெத்ததையே துன்றியேடா, நீயெல்லாம் ஒரு அப்பனா!”ன்னு நான் கத்தின கத்துல தெருவே கூடிடுச்சு. அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டேன்.

“இன்னாப்பா ஆச்சு, யாருக்கு இன்னா?” என்று சிட்டிபாபு அண்ணன்.

“முட்டைய துன்னுடுச்சாம்,” என்றார்கள் பெரியம்மா. “அவள தூக்கினு போவும்போது ஒரு சொட்டு வுடல. இப்ப பாரு, இந்த முட்டைக்கு அழுவுறான். அழட்டும், யாரும் தடுக்காதீங்க.” அவங்களும் பக்கத்துல உக்காந்து அழுதாங்க.

ஆகவே மாமா, ஞாயிறு அவசியம் வேன் கொண்டு வரவும். ஒன்றுவிடாமல் எடுத்துப்போகவும். எதையும் உயிரோடு காப்பாற்றி வைக்கிற ஆள் நான் இல்லை என்று தெரிந்துவிட்டது. அத்தையின் கால்களில் நான் விழுந்ததாகச் சொல்லி, எனக்குப் பதில் நீங்களே திருநீறு வாங்கி வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பெயரை மாற்ற வழியில்லாத தங்கள் மருமகன்,
சந்தோஷ்குமார்

பின்குறிப்பு: எழுதிட்டு அனுப்பாமலே வெச்சிருந்தேன். அதுக்குள்ள வேற ஒரு ஜோடி முட்டை வெச்சிடுச்சு. இந்தத் தடவை குழாயோட எடுத்துத் தனி ஜாடில வெச்சு, காத்து விட்டு, பூஞ்சை புடிக்காம மருந்து போட்டேன். கெட்டு வெள்ளையா போன முட்டைய சொட்டு மருந்துக் குழல்ல உறிஞ்சி எடுத்துட்டேன். இன்னிக்குக் காலைல பாத்தா, மீதி இருக்கிறதுல ஒவ்வொண்ணுலயும் ஒரு வாலு ஆடிக்கினு இருக்குது மாமா! பாத்துக்கினே நின்னதுல கம்பெனி பஸ் போயிடுச்சு. வேன் வேணாம். அத்தைய மட்டும் கூட்டிக்கினு வாங்க, பத்து நாள் தங்குற மாதிரி வாங்க. குஞ்சுக்கு வேளைக்கு வேளை தீனி வெக்க ஆள் பத்தல. அப்புறம், எனக்கு இன்னிக்குப் பசிச்சுது.