மூன்றாவது கோலும் நாற்பது தொப்பிகளும்

எப்போதும் எண்ணிக்கொண்டிருக்கும் மனிதனை ஊர் நம்பிவிடும். அது அவனுக்கும் நல்லதில்லை, ஊருக்கும் நல்லதில்லை.

நான் எதையும் எண்ணுபவன். பஸ்ஸில் ஏறினால் ஆட்களை, மண்டபத்துக்குப் போனால் கதிரைகளை, கலியாண வீட்டில் பந்திகளை. (இது ஒரு வருத்தம் என்பாள் என் மனைவி பவானி. வருத்தம் என்றால் வைத்தியரிடம் போகவேண்டும். போனால் அங்கே எனக்கு முன்னால் இருப்பவர்களை எண்ணுவேன்.) விம்பிள்டனில் சனிக்கிழமைகளில் கூடும் எங்கள் மூத்தோர் சங்கத்தில் நான் செயலாளரானதும் இதனால்தான். ஒருமுறை கடற்கரைச் சுற்றுலா முடிந்து பஸ் புறப்படும்போது, ஓராள் குறைகிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். போய்ப் பார்த்தால், மரியதாஸ் அண்ணை கழிவறைப் பூட்டைத் திறக்கமுடியாமல் உள்ளே நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து சங்கத்தில் நான் எண்ணியதை வேறு யாரும் திருப்பி எண்ணுவதில்லை.

இந்த நம்பிக்கைதான் பிறகு ஒரு இளைஞனின் பிழைப்பில் மண் போடப் பார்த்தது.

அந்த இளைஞன் நிரோஜன். பவானியின் அக்கா மகன், கனடாவில் பிறந்தவன். அவன் தொழில் ஐஸ் ஹொக்கி. பனித்தளத்தில் சப்பாத்துக்குக் கீழே கத்தியைக் கட்டிக்கொண்டு, 'பக்' என்கிற கறுப்பு றப்பர் வட்டைத் தடியால் அடித்துத் திரிவது. இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். அவன் இடதுபக்கச் சிறகுக்காரன், அதாவது ஓரத்தால் ஓடுகிறவன். கனடாவின் சின்னச் சின்ன ஊர்களில் தொடங்கி, பிரான்ஸ், டென்மார்க், ஸ்லோவாக்கியா என்று போகாத குளிர் இல்லை. எங்கும் ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு. இருபத்தொன்பது வயதில் லண்டனுக்கு வந்தான். இங்கே ஒரு கழகம் அவனை ஒரு மாதத்துக்குச் சோதித்துப் பார்க்க அழைத்திருந்தது. பிடித்தால் பருவம் முடியும்வரை ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் விமானச் சீட்டு.

அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் தங்கினான். அவனுடன் ஒரு பையும் வந்தது. முதல்நாள் அதை அவன் ஹோலுக்குள் திறந்தபோது பவானி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"தம்பி, உதுக்குள்ளை ஆரும் செத்துக் கிடக்கினமோ?"

"இல்லை சின்னம்மா, அது என்ர கிளவ்ஸ்."

பை பின்வளவுக் கொட்டிலுக்குப் போனது. அடுத்தநாள் காலை குசினிக் கிளாஸ் ஒன்றுக்குள் மூன்று பற்கள் கிடந்ததைக் கண்டு, அவை என்னுடையவை என்று நினைத்து என்னை எழுப்பினாள். என் வாயில் எல்லாம் இருந்தன. (எண்ணிப் பார்த்தேன்.) அவை நிரோஜனுடையவை. சொந்தப் பற்களை டென்மார்க்கில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

நல்ல பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவான், பவானியின் மூட்டுவலியைக் கேட்பான். ஆனால் விளையாட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு சொல்லில் முடித்துவிடுவான். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மட்டும், நான் நச்சரித்ததால், ஒரு வழக்கத்தைச் சொன்னான். ஒரே ஆள் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால், பார்க்க வந்தவர்கள் தங்கள் தொப்பிகளைக் கழற்றிப் பனித்தளத்தில் எறிவார்களாம். ஆட்டத்தை நிறுத்தி, தொப்பிகளைப் பொறுக்கிய பிறகுதான் தொடர்வார்களாம்.

"உனக்கு எத்தினை தரம் எறிஞ்சவை?" என்று கேட்டேன்.

"சின்னம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றான்.

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பவானி கொட்டிலடியில் நின்று அவன் தொலைபேசியில் தகப்பனோடு கதைப்பதைக் கேட்டுவிட்டாள். கடைசி ஆட்டம் வருகிற சனிக்கிழமை. அன்றைக்கே பயிற்றுநர் முடிவைச் சொல்வார். இங்கும் சரிவராவிட்டால் இதோடு விளையாட்டை விடுவது, தகப்பன் வேலைசெய்யும் கிடங்கில் ஷிப்டுக்குப் போவது என்று பேச்சு.

"இஞ்சாருங்கோ, பத்து வருசமா விளையாடுறான். ஒருநாளாவது வீட்டாக்கள் ஆரும் போய்ப் பார்த்ததில்லையாம். அக்கா இருந்திருந்தா போயிருப்பா" என்றாள்.

அக்கா இறந்து பன்னிரண்டு வருடம். அடுத்தநாளே சங்கத்தின் வருடச் சுற்றுலாவைக் கடற்கரையிலிருந்து பனித்தளத்துக்கு மாற்றிவிட்டேன்.

எதிர்ப்பு இருந்தது. "கடலைப் பார்க்கப் போறம் எண்டு காசு வாங்கிப்போட்டு இப்ப ஐஸைக் காட்டுறீரோ?" என்று மரியதாஸ் அண்ணை கேட்டார். மன்னாரில் பிறந்தவர், கடல் குறைந்தால் தாங்கமாட்டார். "ரெண்டும் தண்ணிதானே அண்ணை" என்றேன். அவருடைய மனைவி றோஸ் அக்கா ஆட்டிறைச்சி றோல்ஸ் செய்து வருவதாகச் சொன்னதும் சபை அமைதியானது.

சனிக்கிழமை பஸ்ஸில் நாற்பத்தொரு பேர். பாதிப் பேருக்கு எழுபது தாண்டியிருந்தது. குளிர் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் றோஸ் அக்காவைத் தவிர எல்லோரும் கம்பளித் தொப்பியோடு வந்திருந்தார்கள். (அவர் அன்று காலைதான் தலைமயிருக்குச் சாயம் பூசிச் சுருட்டியிருந்தார்.) நாற்பது தொப்பிகளைக் கண்டதும் என் மூளை வேலைசெய்யத் தொடங்கியது. பஸ் நடுவில் எழுந்து நின்று தொப்பி வழக்கத்தை விளக்கினேன். கம்பளித் தொப்பியை அப்படியே எறிந்தால் தூரம் போகாது, காலுறையைச் சுருட்டுவதுபோல உருண்டையாகச் சுருட்டவேண்டும் என்று செய்தும் காட்டினேன்.

"எப்ப எறியிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் எண்ணுவன். நான் மூண்டு எண்டு சொன்னா எறியுங்கோ."

யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நாங்கள் வருவது நிரோஜனுக்குத் தெரியாது. அவன் தளத்துக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றும்போது பவானி "தம்பீ!" என்று கூப்பிட்ட சத்தத்தில் இரண்டு அணிகளும் நின்று பார்த்தன. அவன் எங்களைக் கண்டான். தலைக்கவசத்துக்குள் அவன் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவனோடு மோதி விழுந்தான்.

ஆட்டம் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. என்னால் எண்ணமுடியவில்லை! தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர் என்று எண்ணி முடிப்பதற்குள் மூன்று பேர் வேலி தாண்டி வெளியே போகிறார்கள், வேறு மூன்று பேர் உள்ளே குதிக்கிறார்கள். யாரும் நடுவரிடம் கேட்பதில்லை. எனக்கு முன்வரிசையில் கழகத்துச் சால்வை கட்டிய வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் இருந்தார். ஆட்களை விடு, கோலை மட்டும் எண்ணு என்று எனக்கு அறிவுரை சொன்னார்.

அன்று நிரோஜனுக்கு என்ன பிடித்ததோ தெரியாது. முதற்பகுதியிலேயே ஒரு கோல் போட்டான். எங்கள் பக்கம் எழுந்து நின்றது. இரண்டாம் பகுதியில் யாரோ அடித்த பக் அவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அதுவும் அவன் கணக்குத்தானாம். எதிரணியும் இரண்டு போட்டிருந்தது. பவானி என் கையைப் பிடித்த பிடியில் மணிக்கூட்டு வார் சதைக்குள் புதைந்துவிட்டது. சுற்றிவர எல்லோரும் தொப்பியைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினார்கள்.

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. நிரோஜன் ஓரத்தால் வந்தான், அடித்தான், கோலுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மூண்டு!" என்று கத்தினேன்.

இவ்வளவு ஒழுங்காக எங்கள் சங்கம் எதையும் செய்ததில்லை. நாற்பது உருண்டைகளும் ஒன்றாக எழும்பின. தளத்தைச் சுற்றியிருந்த கண்ணாடித் தடுப்பு எங்கள் பக்கத்தில் தாழ்வு, பயிற்சியும் நல்ல பயிற்சி. முப்பத்தேழு உள்ளே போய் விழுந்தன. தொப்பி இல்லாத றோஸ் அக்கா, அந்த உற்சாகத்தில் சும்மா நிற்கமுடியாமல், கையில் இருந்த றோலை எறிந்தார்.

அரங்கில் வேறு யாரும் எதையும் எறியவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். தளத்தில் அணி முழுவதும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது நிரோஜனை அல்ல, கோலுக்கு முன்னால் நின்ற ஒரு தாடிக்காரனை. முன்வரிசை மூதாட்டி மெதுவாகத் திரும்பினார். நிரோஜன் அடித்த பக் தாடிக்காரனின் தடியில் பட்டுத்தான் உள்ளே போனது, கடைசியாகத் தொட்டவனுக்குத்தான் கோல், உங்கள் பையனுக்கு உதவிக்கணக்கு மட்டும் என்று பாவப்பட்ட குரலில் விளக்கினார்.

ஒலிபெருக்கியும் அதையே சொன்னது. தளத்தில் இரண்டு பேர் சவளோடு வந்து தொப்பி அள்ளினார்கள். எதிரணிக் கோல்காப்பாளன் றோலைத் தடியால் தட்டிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினான். நடுவர் அதை இரண்டு விரலால் தூக்கி, எங்கள் பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"என்னவாம்?" என்றார் மரியதாஸ் அண்ணை.

பார்வையாளர் பொருட்களை எறிந்து ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக எங்கள் அணிக்குத் தண்டனை. இரண்டு நிமிடத்துக்கு ஓராள் குறைவாக விளையாடவேண்டும். 3–2 என்று முன்னால் நிற்கும் நேரத்தில். பயிற்றுநரின் முகம் பீற்றூட் நிறத்தில் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. நான் என் தலையைத் தொப்பிக்குள் இழுக்கப் பார்த்தேன். தொப்பி தளத்தில் கிடந்தது.

"பிள்ளையின்ர சோத்திலை மண் அள்ளிப் போட்டியளே" என்றாள் பவானி. சத்தமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தண்டனை நேரத்தைக் காக்க, கோல்காப்பாளனைத் தவிர நாலு பேர் உள்ளே போனார்கள். அதில் ஒருவன் நிரோஜன்.

அந்த இரண்டு நிமிடம்போல ஒன்றை நான் பார்த்ததில்லை. எதிரணிக்காரன் பக்கை அடிக்கத் தடியை ஓங்கினான். நிரோஜன் அதற்கு முன்னால் போய் விழுந்தான். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே. பக் கணுக்காலில் பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. எழும்பினான். எதிரணிக்காரன் மறுபடி ஓங்கினான், இவன் மறுபடி விழுந்தான், இந்தமுறை விலாவில். பவானி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவதைத் தொடையில் வாங்கி, பக்கைத் தட்டி வெளியே தள்ளிவிட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டே போய் அணியின் இருக்கை வாங்கில் இருந்தான். இரண்டு நிமிடம் முடிந்தது. வாங்கில் இருந்த அவ்வளவு பேரும் தடிகளால் பலகைவேலியில் தட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தானாம்.

"இதுதான் அவனுக்கு ஏற்ற வேலை. கோல் போடுவது இல்லை" என்றார் மூதாட்டி.

அந்த மூன்றையும் நான் எண்ணினேன். வாய்விட்டு எண்ணவில்லை.

ஆட்டம் 3–2 என்றே முடிந்தது. நான் யாருக்கும் முகம் கொடுக்காமல் பஸ்ஸில் போய் ஏறிக் கடைசி இருக்கையில் இருந்தேன். நாற்பது மொட்டைத் தலைகளும் நரைத் தலைகளும் குளிரில் நடுங்கியபடி ஏறின. யாரும் என்னைக் குறைசொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. றோஸ் அக்கா மட்டும், "றோல் நல்லா வந்திருந்தது, வீணாப் போச்சு" என்றார்.

கடைசியாக நிரோஜன் வந்தான். காலில் ஐஸ் கட்டியிருந்தான், தோளில் ஒரு கறுப்புக் குப்பைப் பை. படியில் ஏற மரியதாஸ் அண்ணை கைகொடுத்தார்.

"தம்பி, என்னை மன்னிச்சுக்கொள். எண்ணிக்கை பிழைச்சுப் போச்சு" என்றேன்.

அவன் பையைக் கீழே வைத்தான். அவன் தோள் குலுங்குவதைக் கண்டு அழுகிறான் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். மூன்று பல்லும் இல்லாத சிரிப்பு.

"சித்தப்பா, கோச் சைன் பண்ணிட்டார். சீசன் முடியும்வரைக்கும்."

பஸ்ஸே கத்தியது. சத்தம் அடங்கியதும் சொன்னான். "கோல் ரெண்டும் லக் எண்டு அவருக்குத் தெரியும். பெனால்டி கில் பண்ண, ஆள் குறையேக்கை கோல் விழாமல் தடுக்க, ஒராள்தான் அவருக்குத் தேவை. இந்த மாசம் முழுக்க எனக்கு அந்தச் சான்ஸே கிடைக்கேல்லை. இண்டைக்கு நீங்கள் வாங்கித் தந்தியள்."

"அப்ப அவருக்கு எங்களிலை கோவம் இல்லையோ?" என்றாள் பவானி.

"இருக்கு. அடுத்த மட்ச்சுக்கு வந்தா வாசலிலையே தொப்பியை வாங்கி வைக்கச் சொன்னவர். றோல்ஸையும்."

பிறகு பையைத் திறந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் தொப்பியைத் தேடிக் கொடுத்தான். எல்லாம் ஈரம். என்னுடையதை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தான். காதையும் கழுத்தையும் மூடும் மண்ணிறக் குரங்குத் தொப்பி.

"இதை நான் வச்சிருக்கட்டோ?"

"உந்தப் பழசையோ? ஏன்?"

"எனக்கு எத்தினை தரம் எறிஞ்சவை எண்டு கேட்டனீங்கள்தானே. நான் ஒருநாளும் மூண்டு போட்டதில்லை சித்தப்பா. இனிப் போடவும் ஏலாது. எனக்கு எறிஞ்சது இது மட்டுந்தான்."

எனக்குக் குளிரில் கண் கலங்கியது. (பஸ்ஸில் ஹீற்றர் போட்டிருந்தார்கள் என்று பவானி சொல்கிறாள்.)

அவன் அதன்பிறகு இரண்டு பருவம் லண்டனில் விளையாடினான், பிறகு போலந்துக்குப் போனான். தொப்பி அந்தக் கிளவ்ஸ் பைக்குள்தான் போகிறது. அதன் வாசனையை நான் நினைக்க விரும்பவில்லை.

சங்கத்தில் என் எண்ணிக்கையை இப்போது இரண்டு பேர் திருப்பி எண்ணுகிறார்கள். அதோடு போகவில்லை. எந்த நிகழ்ச்சியிலும் நான் எழுந்து நின்று ஒரு எண்ணைச் சொன்னால் போதும், முன்வரிசை முழுவதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்ளும். தொப்பி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

போன ஆவணியில் நிரோஜனுக்கு இங்கேயே கலியாணம் நடந்தது. அக்காவின் இடத்தில் பவானி நின்றாள். நான் வாயைத் திறப்பதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன். பொம்பிளையும் மாப்பிள்ளையும் கைகோத்து அக்கினியை வலம்வந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்று முடிந்த இடத்தில் என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"மூண்டு" என்றேன்.

மண்டபத்தில் இருந்த சங்கத்துக்காரர் நாற்பது பேரின் கையும் தலைக்குப் போனது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்று சுற்றிப் பார்த்தார். மணவறையில் மாப்பிள்ளை, பொம்பிளையின் கையை விட்டுவிட்டு, தன் தலைப்பாகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு எண்ணிக்கை சரி. ஐயரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.