மாமா மேல் கால் போட்ட மாப்பிள்ளை

எதையும் எண்ணிப் பார்க்கிறவனுக்கு அவன் வீட்டிலேயே மரியாதை கிடைப்பதில்லை. நான் கண்டியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன். பஸ் ஏறினால் இருக்கைகளை எண்ணுவேன், சாப்பிட உட்கார்ந்தால் அடுத்தவர் தின்னும் தோசைகளையும் (கெட்ட பழக்கம்தான், என்ன செய்ய?).

என் மருமகன் ரூபன் கலப்புச் சண்டை வீரர். குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளி அமுக்கலாம் என்கிற விளையாட்டு. தொடக்கத்தில் அவருடைய பலமே தரைதான். எதிராளியை மெத்தையில் சாய்த்து, கையை முறுக்கிச் சரணடைய வைப்பார். பிறகு ஒரு போட்டியில் ஒரே குத்தில் ஒருவரை மயங்க வைத்தார். அரங்கமே எழுந்து கத்தியது. அன்றோடு அவருக்குத் தரை கசந்துவிட்டது. போட்டிக்கு ஐந்து முறை ஆளைச் சாய்த்தவர் இரண்டுக்கு வந்தார், பிறகு பூச்சியம். எண்ணியது நான்.

அடுத்த போட்டி, தரையிலேயே குடியிருக்கும் ஒருவனோடு. தோற்றால் அணியில் இடமில்லை.

"மாப்பிள, கீழ விழுந்தா எழும்புவீங்களா?"

"அதெல்லாம் உடம்புல ஊறினது மாமா. மறக்காது."

"அப்ப இந்த முன் ஹோல்ல, தரையில படுங்க. நான் மேல படுக்கிறேன். எழும்பிக் காட்டுங்க."

எனக்கு வயது அறுபத்தெட்டு, எடை தொண்ணூற்றொரு கிலோ. "அப்பா, அத்தையும் மாமாவும் வர்ற நேரம், சும்மா இருங்க!" என்று மகள் சுகந்தி சமையலறையிலிருந்து கத்தினாள். நான் அதற்குள் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டேன்.

ரூபன் அடியில் கிடந்து நெளிந்தார். முப்பது வரை எண்ணினேன். எழும்பவில்லை.

"என்ன மாப்பிள?"

"காலப் போட்டாத்தான் வெளிய வரலாம் மாமா. உங்க மேல எப்படிக் கால் போடுறது?"

நல்ல சாக்கு! விடுவேனா?

"நான் சொல்றேன், போடுங்க!"

மனமில்லாமல் கால்களைத் தூக்கி என் இடுப்பைச் சுற்றிப் பின்னினார். அவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்தப் பிடியிலிருந்தே ஆளைக் கவிழ்த்தவர், இடுப்பை நகர்த்த வராமல், தொடைத் தசை பிடித்துக்கொள்ள "ஐயோ!" என்றார். நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. எழுந்து நின்று அதை அறிவிக்கப் பார்த்தேன். என் முதுகும் பிடித்துக்கொண்டது. (அவரால் காலை அவிழ்க்க முடியவில்லை, என்னால் நிமிர முடியவில்லை.)

அப்போதுதான் ரூபனின் அம்மா, என் சம்பந்தியம்மா, வாழைப்பழச் சீப்போடு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர் கணவர்.

"டேய்! பொண்ணு குடுத்த மனுஷன் மேல காலா? எடுடா!"

"எடுக்க முடியலம்மா!"

"திமிரப் பாத்தீங்களா?" என்று கணவரிடம் திரும்பினார்.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றேன் தரையைப் பார்த்தபடி.

"அது அதைவிடக் கேவலமா இருக்கே சம்பந்தி," என்றார் சம்பந்தியம்மா.

சுகந்தி வந்து ஒவ்வொரு காலாகப் பிரித்தெடுத்தாள்.

தொடை வலி ஆறியதும் ரூபன் கையுறையை ஓரம் வைத்துவிட்டுத் தரைப் பயிற்சிக்குத் திரும்பினார். புதிதாகச் சேர்ந்தவர்களோடு, அடியிலிருந்தே. போட்டியில் மூன்று முறை விழுந்தார், மூன்று முறையும் எழுந்தார், புள்ளிகளில் மயிரிழையில் வென்றார். இனி இந்த வித்தையைத் துருப்பிடிக்க விடுவதில்லை என்பதில் இருவரும் உறுதியாக இருக்கிறோம். ஞாயிறு தோறும் ஹோலில் அவர் கீழே, நான் மேலே.

சம்பந்தியம்மாவும் சமாதானமாகிவிட்டார். வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே மகனிடம் ஒரு கேள்விதான் கேட்பார்:

"தம்பி, ரெண்டு காலையும் கழுவிட்டுத்தானே படுத்தே?"