கோரையர்: சான்று இல்லை

மலைக்கும் கடலுக்கும் நடுவே மேலந்தை என்றொரு நாடு இருந்தது. அங்கே மழை பொய்த்தாலும் சட்டம் பொய்க்காது. ஒரு கோடையில் ஏரி பாதியாக வற்றியதும் அரசர் ஆணையிட்டார்: பழஞ்சொல் அகராதியில் பெயருள்ள குலங்களுக்கே இனித் தண்ணீர்.

ஏரிக்குக் கீழே நெல் போட்டிருந்த கோரையர் குலம் அகராதியில் இல்லை. அவர்களுடைய ஊர்த்தலைவி வெள்ளாயி அகராதி மாளிகைக்குப் போய் நின்றாள். தலைமைத் தொகுப்பாளர் நன்மொழியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா, எங்கள் முறை கறாரானது. ஒரு பெயரை அகராதியில் ஏற்ற வேண்டுமானால், அது ‘ஐ’, ‘இடம்’, ‘கு’ என்று பின்னால் ஒட்டு எதுவுமில்லாமல் தனியாக நின்று ஒரு காரியத்தைச் செய்ததாகக் கல்லிலோ ஓலையிலோ இருக்க வேண்டும். உங்களைப் பற்றி இருப்பதெல்லாம் ‘கோரையரைக் கொண்டு ஏரி வெட்டப்பட்டது’, ‘கோரையரிடம் வரி வாங்கப்பட்டது’, ‘கோரையருக்குக் கசையடி கொடுக்கப்பட்டது’. கோரையர் வந்தார்கள், கோரையர் சொன்னார்கள் என்று ஓரிடத்திலும் இல்லை.”

“பின்னால ஒட்டிக்கிட்டிருக்கிற அந்த வாலை வெட்டிட்டா மிச்சம் நிக்கிறது கோரையர்தானுங்களே?”

“அது ஊகம். அகராதி ஊகிக்காது.”

உடைந்த பானையோட்டில் கிடைத்த ஒன்றரை எழுத்தை வைத்து அரசரின் மூதாதை பெயரை ஊகித்தவரும் இவர்தான். அதற்குப் பொற்கிழி கொடுத்தார்கள். சொல்லவே அலுப்பாக இருக்கிறது.

கோரையர் பக்கத்து மதகு மூடப்பட்டது. வரி மட்டும் நிற்கவில்லை. அவர்களிடம் வாங்கியதற்குச் சான்று இருந்தது. முணுமுணுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. அதற்கும் சான்று இருந்தது. நடுவில் தேர்தல் வந்தபோது, “கோரையர் வாக்களிக்க முடியாது. ஆனால் கோரையரிடமிருந்து வாக்குகள் பெறப்படும்” என்று மந்திரி பெருந்தன்மையோடு அறிவித்தார். பெற்றும் கொண்டார்.

நெற்பயிர் கருகத் தொடங்கியது. வெள்ளாயி மறுபடியும் மாளிகைக்குப் போனாள்.

“நாங்களா ஒரு காரியம் செஞ்சதா எழுதியிருக்கணும். அவ்வளவுதானுங்களே?”

“அவ்வளவே” என்றார் நன்மொழியார், தலை நிமிராமல்.

மறுநாள் நட்டநடுப் பகலில், எல்லோரும் பார்க்க, ஊரே திரண்டு போய் மதகைத் திறந்தது. காவலன் பதறியடித்துக்கொண்டு ஓலையில் எழுதினான்: ‘கோரையர் மதகைத் திறந்தனர்.’

ஓலையைப் பார்த்த நன்மொழியார் அதை எடுத்துக்கொண்டு மந்திரியிடம் ஓடினார். இருவரும் கூடிக் கூடி ஆலோசித்தார்கள். ஓலையை எரித்தால் மதகைத் திறந்ததற்குத் தண்டிக்க ஆள் இல்லை. வைத்துக்கொண்டால் கோரையருக்குப் பெயர் வந்துவிடும். கடைசியில் அகராதியின் புதிய பதிப்பில் அவர்களை ஏற்றினார்கள்.

‘கோரையர்: பெயர்ச்சொல். சான்று: கோரையர் மதகைத் திறந்தனர். பொருள்: தண்ணீர்த் திருடர்.’

பெயருள்ளவர்களுக்குத் தண்ணீர் என்ற ஆணை மாறவில்லை. அதன் கீழே ‘திருடர் நீங்கலாக’ என்று மட்டும் சேர்த்தார்கள்.

விசாரணை நாளில் கூண்டில் நின்ற வெள்ளாயி கேட்டாள்: “அந்த ஏரிய வெட்டுனது யாருன்னு போட்டிருக்கீங்க?”

நன்மொழியார் பக்கத்தைப் புரட்டினார்.

“அரசர்” என்றார். “உங்களைக் கொண்டு.”