மாமனாருக்கு முன்னால் போட்ட தீவிரவாத நாடகம்

உலகத்தில் எதை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம் என்று ஒருவன் அடித்துப் பேசினால், அவனுக்கு இன்னும் கல்யாணம் நிச்சயமாகவில்லை என்று அர்த்தம். நானும் அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவன்தான்.

பகலில் சேலத்தில் ஒரு தனியார் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். மாலையில் அரசியல் நையாண்டியாளன். ஒரு கறுப்புக் கண்ணாடி, எந்தக் கட்சியும் உரிமை கொண்டாட முடியாத நிறத்தில் ஒரு துண்டு. இரண்டையும் போட்டுக்கொண்டால் நான் மாண்புமிகு. போனை ஜன்னலில் சாய்த்து வைத்து ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போடுவேன். பார்ப்பவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அந்தச் சொந்தக்காரர்களின் தொல்லை தாங்காதவர்கள்.

தீவிரவாதத்தை வைத்துக் காமெடி பண்ணலாமா என்று நண்பர்களுக்குள் அடிக்கடி சண்டை வரும். "தாராளமாகப் பண்ணலாம், பயத்தை ஜெயிக்கச் சிரிப்பை விட்டால் வேறு வழியில்லை" என்பது என் கட்சி. (பயம் என்று நான் அறிந்திருந்ததெல்லாம் அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் ஒன்றைத்தான். அதற்கும் பல்லில்லை.)

இந்தச் சமயத்தில்தான் நாமக்கல் பக்கத்துப் பெண் கவிதாவுக்கும் எனக்கும் நிச்சயமானது. அவளுடைய அப்பா செல்லமுத்து இந்தியா முழுக்க லாரி ஓட்டியவர். அப்போது ஓட்டுவதை விட்டுவிட்டு, மைத்துனர் சுப்பிரமணியின் லாரிப் பட்டறையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். நிச்சயத்தன்று என்னிடம் அவர் கேட்டது "சாப்டீங்களா சாமி" மட்டும்தான். சாப்பிட்டேன் என்றதும் பேச்சு முடிந்துவிட்டது.

தை மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் வந்த ஆயுத பூஜைக்குப் பட்டறையில் பெரிய விழா. லாரிகளைக் கழுவி, வாழைமரம் கட்டி, டிரைவர்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போவார்கள். சுப்பிரமணி மாமா போன் செய்தார்.

"மாப்ளைங்க, நீங்க காமெடி பண்ணுவீங்களாமா. நம்ம பட்டறையில ஒரு நாடகம் போடோணும்."

வீட்டுக்கு வரப்போகிறவனை மேடையேற்றிப் பார்க்க அவர்களுக்கு ஆசை. எனக்கோ அதைவிடப் பத்து மடங்கு ஆசை. என்ன நாடகம் என்று கவிதா கேட்டபோது சஸ்பென்ஸ் என்றேன். "அரசியலோட நிறுத்திக்கோங்க, வேற எதையும் தொட வேண்டாமுங்க" என்றாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். கலைஞனுக்குக் கட்டுப்பாடு ஆகாது என்று ஒரு சொற்பொழிவு ஆற்றி, போனை வைத்துவிட்டேன்.

நாடகத்தில் அமைச்சர், தீவிரவாதி, டிரைவர் என்று மூன்று வேடமும் நானே. தீவிரவாதிகள் ஒரு லாரியை மறிக்கிறார்கள். பார்ப்பவர்கள் லாரிக்காரர்கள் ஆயிற்றே, டிரைவர் நாமக்கல்காரராக இருந்தால் எடுபடும் என்று கணக்குப் போட்டேன். அவருக்கு ஒரு சம்பவம் வேண்டுமே என்று நாமக்கல்லில் லாரி ஆபீஸ்கள் இருக்கும் தெருவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தேன். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தபடி ஒரு கதை சொன்னார். வருடக்கணக்காக அந்தத் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் கதையாம். அசாம் பக்கம் காட்டுச் சாலையில் நம்ம ஊர் டிரைவர் ஒருவரைத் துப்பாக்கியோடு நிறுத்தினார்களாம், அவருக்குக் கைலி நனைந்துவிட்டதாம். டிரைவர் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விழா அன்று பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை மேடையேற்றினார்கள். முதல் வரிசையில் என் அப்பா, அம்மா, செல்லமுத்து மாமா, அத்தை, கவிதா. பின்னால் டிரைவர்கள் குடும்பம் குடும்பமாக.

முதல் பாதி அமோகம். கடத்தப்பட்ட டிரைவர் அமைச்சருக்குப் போன் போடுகிறார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் சொன்னேன்: "தம்பி, கவலையே படாதே. இரங்கல் அறிக்கை ரெடியா இருக்கு. பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கோம். இனிஷியலைச் சொல்லு."

பட்டறையே அதிர்ந்தது. செல்லமுத்து மாமா தோள் குலுங்கச் சிரித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து, சம்பவத்துக்கு யார் பொறுப்பேற்பது என்று தீவிரவாதிகளுக்குள் தொகுதிப் பங்கீடு. அதற்கும் கைத்தட்டல். என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மூன்றாவதாக டிரைவர். பேன்ட்டுக்கு மேலேயே கைலியைச் சுற்றிக்கொண்டு, அந்த ஊர்ப் பேச்சை எனக்குத் தெரிந்த மட்டும் இழுத்து, "ஐயோ சாமி, சுட்டுப்போடாதீங்" என்று கையெடுத்துக் கும்பிட்டு நடுங்கினேன். ஒளித்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் கைலிமேல் ஊற்றினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

மேடையில் இதுவரை நான் எடுத்த முடிவுகளிலேயே கேடு கெட்ட முடிவை அப்போதுதான் எடுத்தேன். அவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் சத்தமாக நடுங்கி, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினேன்.

செல்லமுத்து மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லாரிகள் நிற்கும் பக்கமாக நடந்துபோனார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கவிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி மாமா மேடையேறி என் கையிலிருந்த மைக்கை வாங்கி, "சாப்பாடு ரெடிங்க, எல்லாரும் எந்திரிச்சு வாங்க" என்றார். பிறகு என்னைப் பழைய டயர்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ளைங்க, அந்த டிரைவரு அவருதானுங்க."

கவிதா நான்காவது படிக்கும்போது நடந்ததாம். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு போனவரை மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். கூடப்போன மாற்று டிரைவர் முதல் நாளே தப்பி ஓடிவந்துவிட்டார். தனியே விட்டுவிட்டு வந்த வெட்கத்தை மறைக்க, அந்த ஆள்தான் இதை ஒரு வேடிக்கைக் கதையாக டீக்கடைகளில் பேர் சொல்லாமல் சொல்லிவிட்டார். டிரைவர்களுக்கெல்லாம் அது யார் என்று தெரியும். யாரும் அவர் முன்னால் வாயைத் திறந்ததில்லை. வீட்டிலும் அந்த மூன்று நாளைப் பற்றிப் பேசியதே இல்லை.

அப்பா வந்து, "மானத்தை வாங்கிட்டியேடா, கிளம்பு" என்றார். அம்மாவோ இளம்பிள்ளையில் தறியில் ஏறியிருக்கும் முகூர்த்தப் புடவையை இறக்கச் சொல்லலாமா வேண்டாமா என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார். கவிதா வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அப்பாகிட்ட நீங்களே போய்ப் பேசுங்க. அவரு வேண்டாம்னு சொன்னா இந்தக் கண்ணாலம் வேண்டாமுங்க. நான் மறுத்துப் பேச மாட்டேன்."

வரிசையில் கடைசி லாரியின் கேபினில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்றேன். என்னைப் பார்த்து, "ஏறுங்க சாமி" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். கைலியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வந்திருந்தேன். பூஜைக்காக அன்றுதான் போட்ட புது சீட் கவரில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. (உட்காரவும் முடியாமல், எழவும் முடியாமல் நான் பட்ட பாட்டை விவரிக்க வார்த்தை இல்லை.) அவர் அதைக் கவனித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டார்.

"மன்னிச்சிடுங்க மாமா. தீவிரவாதத்தை வச்சுக் காமெடி பண்ணியிருக்கக் கூடாது."

"ஏனுங்க, நல்லாப் பண்ணலாமே. அந்த மந்திரி பேருக்கு இடம் உட்டு வச்சிருந்தாரு பாருங்க, நான் சிரிச்சனுங்க. அந்தத் தீவிரவாதிங்களையும் நல்லா வாரி உடுங்க. நெசமாலுமே அப்படித்தான் சண்டை போட்டுக்குவானுங்க. மூணு நாளும் என்ற வண்டி ஸ்டவ்வுல ஜவ்வரிசி உப்புமாதான் கிண்டிப் போட்டேன். அதுல காரம் எவ்வளவு போடறதுன்னு ரெண்டு பேரு துப்பாக்கியத் தூக்கிட்டானுங்க."

ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மந்திரிகிட்ட மைக் இருக்குது. அவனுங்ககிட்டத் துப்பாக்கி இருக்குது. டிரைவருகிட்ட என்னங்க இருக்குது, கட்டியிருந்த கைலி ஒண்ணுதான். போயும் போயும் அதைப் புடிச்சு இழுத்துட்டீங்களே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவை நனைஞ்சதுதான் ஊருக்குத் தெரியும். ரெண்டாந்தடவை ஆனப்போ கூட ஒருத்தருமில்ல. நீங்க எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

நான் விழித்தேன். அவர் முகத்தையே பார்த்தேன். முதலில் அவர் உதடு கோணியது, பிறகு தோள் குலுங்கியது. இரண்டு பேரும் லாரி ஆடும் அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது இருவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. (இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, மந்திரிய மட்டும் உட்றாதீங்க" என்றார்.)

கல்யாணத்துக்குச் சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். கல்யாண மண்டபத்தில் இதே நாடகத்தை மறுபடியும் போட வேண்டும். "டிரைவரா நான் வாரேன். நீங்க தீவிரவாதி."

தாலி கட்டி, பந்தி முடிந்ததும் மணமேடையிலேயே நாடகம். பட்டு வேட்டிக்கு மேல் கறுப்புத் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு, பொம்மைத் துப்பாக்கியை நீட்டி, "வண்டியை நிறுத்து" என்று கத்தினேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. காக்கிச் சட்டையோடு வந்து, ஸ்டவ்வை வைத்து, வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார்.

"உக்காருங்க சாமி. சாப்டுட்டுச் சுடலாம்."

மண்டபம் சிரித்தது. எனக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. "கையத் தூக்கு" என்று உளறினேன். "ரெண்டு கையுந் தூக்குனா உப்புமாவ ஆரு கிண்டறது? இந்தாங்க" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, துப்பாக்கியை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மண்டபம் கப்சிப். எல்லாருக்கும் விஷயம் தெரியும். அவர் நிதானமாக மூடியைத் திறந்து, பாட்டில் முழுவதையும் என் பட்டு வேட்டியில் ஊற்றினார்.

அந்தச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. டீக்கடையில் கதை சொல்லித் திரிந்த அந்த மாற்று டிரைவரும் வந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்காமல் எழுந்துவந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அவருக்கும் உப்புமா கிண்ட ஒரு கரண்டி கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் என் பெயர் தீவிரவாதி மாப்பிள்ளை. என் நிஜப் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. இப்போதும் நான் அமைச்சர் வேடம் போடுகிறேன், யாரையாவது நடுங்க வைத்துச் சிரிக்கும் வசனம் எழுத வந்தால் மட்டும் மாமாவுக்குப் படித்துக் காட்டிவிடுகிறேன்.

போன தேர்தல் சமயத்தில் ஒரு கல்யாணத்துக்காக வாழப்பாடிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஆத்தூர் ரோட்டில் வாகனச் சோதனை. போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து, "வண்டியில என்ன இருக்கு?" என்றார்.

பின் சீட்டிலிருந்து மாமா சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க. ஒரே ஒரு தீவிரவாதி, நம்ம மாப்ளதான்."

போலீஸ்காரர் முகம் மாறியது. "பெரியவரே, எதுல காமெடி பண்றதுன்னு ஒரு வரைமுறை வேண்டாமா?"

"அதத்தானுங்க நானும் இவருகிட்டச் சொன்னேன்" என்றார் மாமா.

நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காரைவிட்டு இறங்கினேன்.