மெலிந்த மொழி

இனிப் பொறுப்பதில்லை என்று கணவர் முடிவு கட்டினார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதியே கழித்தவர். அந்த நிரல்களில் அவர் பெயர் சொல்ல ஒரு வரி கிடையாது. அந்த ஏக்கம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

"இருக்கற நிரல்மொழி எல்லாம் ஊதிப்போச்சு. பத்தே பத்துச் சொல்லுல ஒரு மொழி செய்யப் போறேன். ஊர் கூடிச் செய்யற மொழி. மெலிஞ்ச மொழி!"

"நல்லதுங்க" என்றாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான மனைவி. "வீட்ல ஏதாவது ஒண்ணு மெலிஞ்சா சரி."

ஊர் கூடியது. அதாவது, மாடிவீட்டு மருந்துக்கடைக்காரரும் எதிர்வீட்டு விரிவுரையாளர் அம்மாவும் வந்தார்கள். ஒன்பது சொற்கள் சண்டையில்லாமல் முடிந்தன. பத்தாவதில் வண்டி குடை சாய்ந்தது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல எந்தச் சொல்? 'சுற்று' என்றார் கணவர். 'மறுபடி' என்றார் மருந்துக்கடைக்காரர். 'வரை' என்றார் விரிவுரையாளர். ஆளுக்கொரு ஓட்டு, ஓட்டுக்கொரு சொல். வாரக்கணக்கில் மொழி நகரவில்லை. இதுவும் போய்விடுமோ என்று கணவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் மனைவியிடம் வந்தார். "நீயும் குழுவுல சேந்துடு. நான் கை தூக்கும்போது தூக்கு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"சரிங்க."

கூட்டத்தில் கணவர் கம்பீரமாகக் கை தூக்கினார். மனைவி தூக்கவில்லை.

"ஒரு சந்தேகங்க. உங்க 'சுற்று' எப்ப நிக்கும்?"

"நிக்காது. அதுதான் அதோட அழகு."

"நிக்காம சுத்தறதுக்குத்தான் வீட்ல ஃபேன் இருக்கே? 'பத்து வரை'ன்னா பத்துல நின்னுடும். என் ஓட்டு 'வரை'க்கு."

"என் ஓட்டும் அதுக்குத்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர், கேட்பதற்கு முன்பே.

அங்கேயே நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒன்று வந்தது, இரண்டு வந்தது, பத்து வந்து, நின்றது. கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. மொழி பிறந்துவிட்டது, சொல்தான் அவருடையதில்லை.

எல்லோரும் போனபின் கேட்டார்: "கட்டின பொண்டாட்டியே காலை வாரலாமா?"

"மொழி நிக்கணுமா, உங்க சொல்லு நிக்கணுமா? நேத்தே மாடிவீட்டுக்குப் போய்ப் பேசினேன். 'எங்க வீட்டுக்காரர் பிடிவாதத்தை நான் விட வைக்கறேன், உங்களுதை நீங்க விடுங்க'ன்னேன். அவரும் சரின்னுட்டார்."

கணவர் கம்ப்யூட்டரை அணைத்தார். கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போகட்டும். மொழின்னு ஒண்ணு வந்தாச்சு. குழுவுக்கு ஒரு தலைவர் வேணுமில்ல? அடுத்த கூட்டத்துல அதைப் பேசிடலாம்."

"அதுவும் பேசியாச்சுங்க" என்றாள் தலைவி.