பன்னெண்டக்காவும் ஒரு டிக்கும்

ஒரகடம் ரோட்டில் கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், அவற்றுக்கு வேண்டிய ஆயிரம் சாமான்கள் செய்கிறார்கள். ஆனால் அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற அத்தனை தொழிற்சாலைகளும் சேர்ந்தாலும் இன்னொரு பன்னெண்டக்காவைச் செய்துவிட முடியாது. சம்பளக் கணக்குப் போடும் ஒரு சாஃப்ட்வேரையே அவர் ஒற்றை ஆட்காட்டி விரலால் தோற்கடித்ததைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். தோற்றது நான் கொண்டுபோன சாஃப்ட்வேர் என்பதால், சாட்சி சொல்லும் தகுதியும் எனக்கு உண்டு.

அவருடைய நிஜப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அந்த அட்டை எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே தொங்கியதால் யாரும் அதைப் படித்ததில்லை. தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் பி.எஃப். பிடிப்பார்கள், கம்பெனி தன் பங்காக இன்னொரு பன்னிரண்டு போடும். "உன் பன்னெண்டு, கம்பெனி பன்னெண்டு" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்வார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த செக்யூரிட்டி ஒருவர், அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் என்று நினைத்து, ஒரு வாரம் முழுக்க அவரைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபமாக சல்யூட் அடித்தாராம்.

நான் அப்போது சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ச் சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பது என் வேலை. கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு மாத வேலையாகப் போனேன். அங்கே வருகையும் சம்பளமும் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸில் பி.எஃப். மேஜை அக்காவுடையது. ஊர் சேரப்பணஞ்சேரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் தலையில் டிபன் பாக்ஸ் இருந்தது.

முதல் நாள் செய்து காட்டுவதற்காக, 'டெஸ்ட் ஒன்' என்று ஒரு பொய்த் தொழிலாளியைத் திரையில் உருவாக்கினேன். மாதம் பத்தாயிரம் சம்பளம் போட்டேன். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இன்னா தம்பி, இதக் காலியா வுட்டுகீற? நாமினி எங்க?"

"அக்கா, இது நிஜ ஆள் இல்ல. டெஸ்ட்டுக்குப் போட்டது."

"நிஜ ஆள் இல்லன்னா சம்பளம் மட்டும் எப்டி வாங்கறான்?"

அக்காவின் விரல் திரையில் பி.எஃப். வரிக்கு நகர்ந்தது.

"பி.எஃப். புடிக்கிறல்ல? நாளிக்கு அவனுக்கு ஒண்ணு ஆயிட்ச்சின்னா துட்டு யாருக்குப் போவும்? உனுக்கா?"

அரை மணி நேரத்தில் டெஸ்ட் ஒன்னுக்கு முனியம்மா என்று ஒரு தாய் கிடைத்தாள்.

"கண்ணாலம் ஆயிட்ச்சா?" என்று அடுத்துக் கேட்டார்.

"அக்கா, அவன் பொறந்தே அரை மணி நேரந்தான் ஆவுது."

கல்யாணமும் ஆனது. பின்னால் மாமியார் மருமகள் சண்டை வரக்கூடாது என்று ஆளுக்குப் பாதியாக எழுதச் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்தபோது எனக்கே அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு கவலை வந்துவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து டெஸ்ட் ஒன்னை அழித்தேன். அக்கா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "செட்டில்மென்ட் போட்டுக் குட்த்தியா?" என்றார்.

அறுநூறு பேரின் பி.எஃப். எண்களும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றும் பன்னிரண்டு இலக்கம். கேன்டீன் வரிசையில் யாராவது வணக்கம் சொல்லி, "நான் வெல்டிங் ஷாப் குமார்க்கா" என்றால் முகத்தைச் சுளிப்பார். "எட்டு குமாரு கீறானுங்க. நெம்பரச் சொல்லு." முதல் நாலு இலக்கம் சொல்வதற்குள் அவன் பெயர், அப்பா பெயர், ஆதாரில் அப்பா பெயர் தப்பாக இருப்பது எல்லாம் வந்து விழும். இதைச் சோதிக்க நினைத்து நான் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னேன். "கடசில ஏயு இல்ல, ஒம்போது. உன் கம்ப்யூட்டருல தப்பா கீது" என்றார். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தோம். ஒன்பதுதான்.

பி.எஃப். பணத்தை யாராவது இடையில் எடுக்க வந்தால் அக்கா வேறு ஆளாகிவிடுவார். உண்மையான கஷ்டம் என்றால், கேட்டவன் அழுது முடிப்பதற்குள் விண்ணப்பம் போயிருக்கும். பொய் என்றால் என்ன ஆகும் என்பதைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரெஸ் ஷாப்பில் வேலை பார்த்த இசக்கிதான் எனக்குச் சொன்னான். வடக்குப்பட்டில் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவன். பைக் வாங்க ஆசை.

"எக்கா, பி.எஃப்.ல கொஞ்சம் எடுக்கணும். ஒடம்புக்கு முடியலன்னு போட்டுருங்க."

"ஒடம்புக்கு இன்னா?"

"வயிறு வலிக்கிக்கா. ரொம்ப நாளா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இசக்கி கிரிக்கெட் மட்டையோடு வாசலில் இறங்குகிறான். எதிரே அக்கா நிற்கிறார். கையில் ரொட்டி, இரண்டு இளநீர், தூக்குவாளி நிறையக் கஞ்சி.

"வயித்து வலியோட பேட்டு தூக்கலாமாடா? உள்ள போய்ப் பட்றா."

படுத்தான். தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு இளநீர், பதினோரு மணிக்குச் சீரகத் தண்ணீர், மத்தியானம் உப்பில்லாத கஞ்சி. அறையில் கூட இருந்த மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரித்தார்கள். நாலு மணிக்கு இசக்கி எழுந்து உட்கார்ந்து கும்பிட்டான்.

"எக்கா, வலி போயிட்டு. பி.எஃப்.பும் வேண்டாம், பைக்கும் வேண்டாம். என்னய விட்டுருங்க."

"பைக்கா?" என்று அக்கா திகைத்தார். "எந்த பைக்குடா?"

இப்படிப்பட்டவர் மேஜைக்குத்தான் நான் அந்த மாதக் கடைசியில் சோதனைச் சம்பளப் பட்டியலை அச்சடித்து எடுத்துப் போனேன். மறுநாள் முதல் நிஜச் சம்பளமே சாஃப்ட்வேரில்தான் ஓட வேண்டும். மற்ற கம்பெனிகளில் இந்தப் பட்டியலை வாங்கி, கடைசி வரியில் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அக்கா மொத்தத்தைப் பார்க்கவே இல்லை. கம்பெனி பங்கு என்ற ஒரே பத்தியின் மேல் ஆட்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். பேனா இல்லை, கால்குலேட்டர் இல்லை. நான் டீ குடித்து முடிப்பதற்குள் விரல் நின்றது.

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற தொரைக்கி பேசிக் இருவத்தோராயிரத்தி ஐந்நூறு. கம்பெனி ரெண்டாயிரத்தி ஐந்நூத்தி எம்பது போடணும். நீ ஆயிரத்தி எட்நூறு போட்டுகீற. மீதி ஏய்நூத்தி எம்பது எங்க தம்பி?"

எங்கே என்று எனக்குத் தெரியும். பி.எஃப். சட்டத்தில் பதினைந்தாயிரம் ரூபாய் என்று ஒரு வரம்பு உண்டு. சம்பளம் அதற்கு மேல் போனாலும் பதினைந்தாயிரத்துக்கு மட்டும் கம்பெனி தன் பங்கைப் போட்டால் போதும். எங்கள் சாஃப்ட்வேரில் அதற்கு ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போட்டிருந்தால் வரம்போடு நிறுத்திவிடும். டிக் தானாகவே விழுந்திருக்கும். போகிற இடமெல்லாம் அதை அப்படியே விட்டுவிட்டு வருவது என் வழக்கம். இந்தத் தொழிற்சாலையில் ஆரம்பத்திலிருந்து முழுச் சம்பளத்துக்கும் போட்டு வந்தார்கள் என்பதை நான் கேட்கவும் இல்லை. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கிய நாற்பத்து மூன்று பேருக்கும் கம்பெனி பங்கு சத்தமில்லாமல் குறைந்திருந்தது.

அக்கா பட்டியலோடு ஃபைனான்ஸ் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். நான் பின்னால் போனேன். மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் கோபப்படவில்லை, மலர்ந்தார்.

"நல்லதுதானேம்மா? சட்டம் என்ன சொல்லுதோ அதை சாஃப்ட்வேர் செய்யுது. நாம என்ன பண்ண முடியும்? சாஃப்ட்வேர் அப்படி!"

"சட்டம் கம்மியா போடாதேன்னுதான் சார் சொல்து. ஜாஸ்தி போடாதேன்னு சொல்லலியே. வேலைக்கி எடுக்கசொல்ல முழு பேசிக்குக்கும் போடறோம்னு லெட்டர்ல எய்திக் குட்த்துகீறீங்க."

"அது பழைய லெட்டர்மா. டிக் அப்படியே இருக்கட்டும்."

நான் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுநூறு பேர் வேலை செய்யும் இடத்தில், என் சோம்பேறித்தனத்தால் நாற்பத்து மூன்று பேருடைய வயதான காலத்துப் பணம் கரையப்போகிறது. வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா சண்டை போடுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பணிவாகத் தலையாட்டினார்.

"சரிங்க சார். இருக்கட்டும். நாப்பத்தி மூணு பேருக்கும் நானே சொல்லிடறேன்." பட்டியலைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை மேஜையில் வைத்தார். விரல் ஒரு வரியில் போய் நின்றது. "மொதல்ல உங்கள்ட்ட சொல்லிடறேன். உங்க பேசிக் எம்பதாயிரம். கம்பெனி இத்தினி நாளு ஒம்போதாயிரத்தி அறுநூறு போட்டுகினு இருந்துச்சி. இனிமே ஆயிரத்தி எட்நூறு. மாசம் ஏயாயிரத்தி எட்நூறு உங்களுக்குக் கம்மி சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இதை ஆளாளுக்குத் தனித்தனியா மாத்த முடியுமா?"

முடியும். ஒவ்வொருவர் பக்கத்திலும் அதற்கு ஒரு தனிக் கட்டம் இருந்தது. மேனேஜருக்கு மட்டும் டிக்கை எடுத்துவிட்டு மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் விட்டுவிட அரை நிமிடம் போதும். அக்கா என்னைப் பார்க்கவில்லை. விரல் மட்டும் காகிதத்தின் மேல் அசையாமல் இருந்தது.

"முடியாது சார்," என்றேன். "எடுத்தா எல்லாருக்கும்தான் எடுக்கணும். சாஃப்ட்வேர் அப்படி."

"அப்ப எடுத்துருங்க. எடுத்துருங்க. தொழிலாளிங்க நலன்தான் முக்கியம்" என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பொய் சொல்லசொல்ல உனுக்குக் காது செவக்குது தம்பி. ஜாக்கிரதையா இரு."

கடைசி நாள் விடைபெறப் போனேன். அக்கா நன்றி எல்லாம் சொல்லவில்லை, என் பி.எஃப். நெம்பரைக் கேட்டார். எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பி.எஃப். அமைத்துக் கொடுக்கிறவனுக்குத் தன் எண் தெரியாது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. என் போனை வாங்கி, எண்ணைத் தேடி எடுத்து, பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தார். விரல் இறங்கியது. நின்றது.

"ஏயு மாசமா ஒண்ணும் வரல."

"சம்பளத்துல மாசாமாசம் புடிக்கிறாங்களேக்கா!"

"புடிக்கிறான். கட்டல."

என் சொந்தக் கம்பெனி. சம்பள சாஃப்ட்வேர் செய்து விற்கிற கம்பெனி. நான் அவர் மேஜை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் மேலிருந்த டிபன் பாக்ஸை இறக்கித் திறந்து, ஒரு இட்லியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"நானு மொதல்ல வேல செஞ்ச கம்பெனில ஒம்போது வருசம் புட்சானுங்க. மூடிட்டுப் போனப்பறம் பாத்தா சைபரு. எனுக்கு ஒம்போது வருசம் போச்சி. உனுக்கு ஏயு மாசந்தான? வாங்கிடலாம், துன்னு."

அவர் சொல்லச் சொல்ல என் முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். மற்ற ஆங்கிலம் அவருக்கு எப்படியோ, பி.எஃப். ஆங்கிலம் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. கீழே அவருடைய போன் நம்பரையும் எழுதச் சொன்னார். பத்தாவது நாள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"யாருப்பா அந்த லேடி? காலைல ஒன்பது மணி அடிச்சா போன் வருது. 'இன்னா சார், கட்டிட்டீங்களா?'ன்னு ஒரே கேள்வி. கட்டிட்டேன்ப்பா. எல்லாருக்கும் கட்டிட்டேன். போன் பண்ண வேண்டாம்னு சொல்லு."

அதற்குப் பிறகு மூன்று கம்பெனிகள் மாறிவிட்டேன். என் பிறந்தநாளுக்கு கேக் வெட்டியவர்கள் உண்டு. வேலையைப் பாராட்டிக் கேடயம் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் ஓய்வுபெறும் ஐம்பத்தெட்டாவது வயதில் நான் என்ன சாப்பிடுவேன் என்று கவலைப்பட்டவர், இதுவரைக்கும், அவர் ஒருவர்தான்.